கூழாங்கல் எலும்பு

இந்தத் தீவுக்கு வருகிற யாருக்கும் முதல் நாள் வயிறு சரியிருக்காது. படகு அப்படி. பார்லித் தேநீரை மெதுவாகக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர். மாலைப் படகும் காற்றுக்கு நின்றுவிட்டதாம். நாளைக்குத்தான் நீங்கள் போக முடியும்.

கணுக்கால் எக்ஸ்ரே படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இசோபே சானின் எலும்பில் உடைந்த தடமே இல்லை என்று அக்கரை ஆஸ்பத்திரியில் சொன்னார்களாமே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது ஜூன் மாதமே தெரியும்.

இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே நான் ஒருவன்தான் டாக்டர். படகுத்துறைப் படியெல்லாம் பாசி, பாதி வருஷம் மழை. கால் பிசகாத ஆள் இந்த ஊரில் கிடையாது. பிசகி வருகிறவரை முதலில் நடக்கச் சொல்வேன். நாலடி நடந்துவிட்டால், இரண்டு பக்கத்துக் கணு எலும்பையும் அழுத்தும்போது கத்தவில்லை என்றால், படமே தேவையில்லை. ஆனால் படம் எடுக்காமல் அனுப்பினால் இவர்களுக்குத் தூக்கம் வராது. "என்ன டாக்டர், சும்மா தடவிப் பார்த்துட்டு அனுப்புறீங்க? அந்த மெஷின் என்ன, தூசி தட்டவா வாங்கி வெச்சிருக்கு?" என்பார்கள். அதனால் எடுப்பேன்.

படத்தில் என் கண் முதலில் வெளிப்பக்க எலும்பின் நுனிக்குப் போகும். பிறகு உள்பக்கம். பிறகு மூட்டைச் சுற்றியுள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவா என்று பார்ப்பேன். கடைசியாகச் சுண்டுவிரலுக்குப் போகிற எலும்பின் அடிப்பாகம். சின்னப் பையன்கள், படித்துவிட்டு வந்த கையோடு, அதை மறந்துவிடுவார்கள். நான் மறந்ததில்லை. எத்தனையோ விஷயத்தில் நான் சுமார்தான், என் மனைவி அதை விளக்கமாகவே சொல்லியிருக்கிறாள். ஆனால் கணுக்கால் படத்தில் என்னை அசைக்க ஆள் கிடையாது.

இசோபே சான் கணவாய் மீன் பிடிக்கிற படகு ஓட்டி ஓய்ந்தவர். பெண்டாட்டி செத்துப்போய் ஒண்டியாக இருந்தார். நானும் ஒண்டி. தினம் சாயங்காலம் இந்தப் பலகையில்தான் ஷோகிச் சதுரங்கம் ஆடுவோம். பத்துக்கு எட்டு ஆட்டம் அவர் ஜெயிப்பார். ஜெயித்துவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார். "டாக்டருக்கு எலும்பு தெரியுது, தேர் போற வழி தெரியலையே" என்று தொடையில் தட்டிச் சிரிப்பார். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் மணி நாலானால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் கையில் சின்னப் பெட்டியோடு வந்தார். மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு. "துண்டு டாக்டர், வெச்சுக்கோங்க. வியாழக்கிழமைப் படகுல மக வீட்டுக்குப் போறேன், ஹிரோஷிமாவுக்கு" என்றார்.

நீங்கள் அக்கரைக்காரர், உங்களுக்குத் தெரியாது. இந்தத் தீவைவிட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், இதே மாதிரி கயிறு கட்டித் துண்டு கொடுப்பார்கள். மாற்றலாகிப் போகிற வாத்தியார்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் கொடுப்பார்கள். என் மனைவியும் கொடுத்தாள். என்னிடம் ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் படகேறினாள். ஊருக்கெல்லாம் துண்டு கொடுத்திருக்கிறாள் என்பதை மீன்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் நான் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை அவர் படகுத்துறையில் வழுக்கி விழுந்தார். அதை நான் செய்யவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். நடந்துதான் வந்தார், சிரித்துக்கொண்டே. "நாப்பது வருஷம் கடல்ல ஆடாத காலு, கரையில ஆடிருச்சு டாக்டர். ஒரு படம் எடுத்துருங்க, மக தொணதொணப்பா" என்றார். அழுத்தினேன், கத்தவில்லை. வெறும் சுளுக்கு. படம் எடுத்தேன். முறைப்படி இரண்டு காலையும் எடுத்தேன்.

எலும்பு எல்லாம் சுத்தம். ஆனால் கணுக்காலுக்குப் பின்னால், குதிகாலுக்குச் சற்று மேலே, பட்டாணி அளவில் ஒரு தனி எலும்பு இருந்தது. சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், ஒரு தொந்தரவும் கிடையாது. தெரியாதவர் பார்த்தால் உடைந்த துண்டு என்றுதான் நினைப்பார். உடைந்த துண்டு பிஸ்கட் மாதிரி ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும். இது கூழாங்கல் மாதிரி சுற்றிலும் வழவழவென்று, ஓரத்தில் வெள்ளைக் கோட்டோடு இருக்கும். சந்தேகம் வந்தால் மறு காலைப் பார்க்க வேண்டும். அவருக்கு மறு காலிலும் அதே இடத்தில் அதே கூழாங்கல்.

திரையில் அடிபட்ட இடது காலை மட்டும் வைத்தேன். "இங்க பாருங்க இசோபே சான். துண்டு தனியா நிக்குது" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட ஆமா. பிச்சுக்கிட்டு நிக்குதே" என்றார்.

துண்டு தனியாகத்தான் நின்றது. நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. வலது கால் படத்தை அழித்தேனா என்று கேட்கிறீர்கள். அழிக்கவில்லை. அதெல்லாம் குற்றம் செய்தவன் செய்கிற வேலை. மெஷினிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டேன். நல்ல கட்டு, வேண்டுமானால் நர்ஸைக் கேளுங்கள். கால் தரையில் படக் கூடாது, ஆறு வாரம் என்றேன். தனி வீட்டில் எப்படிச் சமாளிப்பார் என்று இங்கேயே பின்னறையில் கட்டில் போட்டுக்கொடுத்தேன். மகளுக்கு நானே போன் செய்தேன். சிஹோ என்று பெயர். அழுதாள், நன்றி சொன்னாள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது நல்ல காலம். காலையில் மிசோ சூப் இரண்டு கிண்ணம் ஊற்றுவேன். பகலிலும் ஆடினோம், சாப்பிட்டுவிட்டு மறுபடி ஆடினோம்.

இரண்டு வாரம் போயிருக்கும். காயை நகர்த்திக்கொண்டே கேட்டார். "டாக்டர், நான் குடுத்த துண்டுல பேத்தி பேரு போட்டிருந்துச்சே, பார்த்தீங்களா? மினோரின்னு. மருமகன் அச்சடிச்சு அனுப்பினாரு. குழந்தை பொறந்ததுக்கு ஊருக்கெல்லாம் குடுத்தேன்."

"ஹிரோஷிமாவுக்குப் போறேன்னு சொன்னீங்களே?"

"கோயிலுக்கு முதமுதல்ல தூக்கிட்டுப் போறாங்கல்ல, அதுக்குத்தான். பத்து நாள்ல வந்துருவேன். அங்க போயி நான் என்னத்தைப் பண்ண? மருமகனுக்கு ஷோகி ஆடத் தெரியாது. உங்களையும் யாராவது தோக்கடிக்கணும்ல?"

அவர் படுக்கப் பின்னறைக்குப் போனதும் பெட்டியைப் பிரித்தேன். காகிதத்தின் மேலேயே குழந்தையின் பெயர் எழுதியிருந்தது. கயிற்றைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே மாவுக்கட்டை வெட்டியிருக்கலாமே என்கிறீர்கள். உட்கார்ந்து யோசித்தேன். உடைந்தது என்று சொன்ன டாக்டர், இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் ஊர் என்ன பேசும்? கணுக்கால் படம் படிக்கத் தெரியாதவன் என்றுதானே? கோயில் சடங்கும் அதற்குள் முடிந்துவிட்டது. மகள் போட்டோ அனுப்பியிருந்தாள். கட்டை எடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது வாரம் கெண்டைக்கால் இழுக்கிறது என்றார். நல்ல வெயில் காலம். நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், தண்ணீரும் குடிக்க மாட்டார். கட்டுக்கு மேலே முழங்கால் பக்கம் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது, வீங்கியிருந்தது. காலில் ரத்தம் உறைந்திருக்கிறது. அசையாத காலில் அது உண்டு. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் காலி. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

ஆமாம், தெரிந்தது. நிச்சயமாகத் தெரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஹெலிகாப்டரைக் கூப்பிட்டால் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே கட்டை வெட்டுவார்கள், என் படத்தைக் கேட்பார்கள், இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இசோபே சானுக்குத் தெரியவரும். அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிப்பாரா? மிதிக்க மாட்டார். போன் அந்த மேசையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. தானாகக் கரைந்துவிடுவதும் உண்டு. கரையட்டும் என்று இருந்தேன்.

அடுத்த நாள் மதியம் குளிர்ந்த சோபா நூடுல்ஸ் சாப்பிட்டோம். ஊன்றுகோலை எடுக்க எழுந்தவர் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்தார். நெஞ்சை அழுத்தினேன், என்னால் முடிந்தவரை அழுத்தினேன். போய்விட்டார்.

மகள் சந்தேகப்பட்டு உடலை அக்கரை ஆஸ்பத்திரியில் சோதிக்கச் சொன்னது எனக்கு வருத்தம்தான். என்றாலும் அவளிடம் இதை ஒன்று சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும். அதற்கு முந்தைய சாயங்காலம் அவர் ரொம்பப் பயந்துபோயிருந்தார். பாதி ஆட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், ஒண்ணும் இல்லையே? இப்படி வலிக்குதே."

"எலும்பு சேருது, இசோபே சான். சேரும்போது அப்படித்தான் வலிக்கும்."

"அப்பாடா. உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றார். முகமே தெளிந்துவிட்டது. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். போகிறவரைக்கும் அவர் மனசில் ஒரு துளி பயம் இல்லை, இன்ஸ்பெக்டர். ஒரு டாக்டரால் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?