புளி படாத ராணி ரூபாய்

எனக்குப் புளிக்குழம்பு ரொம்பப் பிடிக்கும். குழம்பில் இருக்கும்வரை புளியோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ‘புளிக்குப் பயந்து பெத்த மக கல்யாணத்தையே நிறுத்துன ஆளு’ என்று என் மைத்துனன் பெத்தணன் சாத்தூர் முழுக்கச் சொல்லித் திரிகிறான். இப்போது நோட்டையும் பேனாவையும் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதைக் காட்டி மாப்பிள்ளைப் பையன் சோலைச்சாமிக்குப் போன வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுப்பானாம். நின்ற கல்யாணமும் நடக்குமாம். நல்ல காரியம்தான். எழுதுகிறேன்.

என் பெயர் நாகையா. பத்து ஏக்கர் கரிசல் இருக்கிறது. அதைவிடப் பெரிய சொத்து என் கண். விருதுநகர் பஜாரில் பழைய காசு வாங்கி விற்கும் அலி அக்பரே சந்தேகம் வந்தால் பஸ் ஏறி என்னிடம்தான் வருவார். லென்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பழைய ரூபாயில் விக்டோரியா ராணியின் காதுமேல் கூந்தல் இழை இழையாகத் தெரிகிறதா என்று பார்ப்பது சின்னப் பிள்ளைக்கும் வரும். காசின் மேனியைப் பார்ப்பதுதான் வித்தை. தேய்க்காத வெள்ளி விளிம்பில் தேன் நிறம் கட்டி, நீலம் ஓடி, மெல்லக் கறுக்கும். ஒரு தடவை புளி போட்டுத் துலக்கினால் போச்சு, மேலெல்லாம் பொடிக் கீறல். அப்புறம் எத்தனை வருசம் கறுத்தாலும் லென்ஸ் காட்டிக் கொடுத்துவிடும். கீறலுக்குள்ளும் கறுப்பு இறங்கியிருந்தால் அது தேய்த்த காசு. அவ்வளவுதான் கணக்கு.

நயா பைசா வந்த மறு வருசம், தை மாதம் என் மகள் சண்முகத்தாய்க்குப் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை சோலைச்சாமி, எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவன். தங்கமான பையன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அவன் அம்மா இருளம்மாள் தாம்பாளத்தில் வெற்றிலைமேல் ஒரு ரூபாயை வைத்தாள். 1862, விக்டோரியா ராணி. தேன், நீலம், கறுப்பு. அடடா, என் ஆயுளில் அப்படி ஒரு மேனியைப் பார்த்ததில்லை. சம்பந்தி வீட்டுக் காசை லென்ஸ் வைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை. என் கண்ணுக்கு லென்ஸ் தேவையும் இல்லை. பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்தேன். திறந்தால் காற்றுப் படுமே என்று பிறகு திறக்கவே இல்லை.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். தாலி கட்டும் அன்று காலையில் பரிச ரூபாயைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி, துளை போட்டுப் பெண்ணின் கழுத்துக் கயிற்றில் கோர்ப்பார்கள். என் மனைவி பஞ்சம்மாள் ஒரு வாரம் முன்னாடியே புளியை ஊறப்போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். கல்யாணம் நின்றால்தான் அந்த மேனி பிழைக்கும்.

அதனால் சோலைச்சாமிக்குக் கை நடுக்கம் இருக்கிறது என்று டீக்கடையில் சொன்னேன். நடுக்கம் என்றுதான் சொன்னேன், வலிப்பு என்று சொல்லவில்லை. எதிலும் ஒரு அளவு வேண்டும். நாலு நாளில் பேச்சு ஊர் சுற்றி வீட்டுக்கே வந்தது.

“அப்பா, அவுகளுக்குக் கை நடுங்குதுன்னு யாருப்பா சொன்னா?” என்று சண்முகத்தாய் அழுதாள்.

“ஊரே பேசுது தாயி,” என்றேன். உண்மைதான், அப்போது ஊரே பேசிக்கொண்டிருந்தது.

மருந்து அறையில் கை நடுங்கினால் கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்து போவார்கள். அதனால் கம்பெனியில் அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். கல்யாணமும் நின்றது. இப்போது அவன் விருதுநகரில் மூட்டை தூக்குகிறான். மூட்டை தூக்க நடுக்கம் தடையில்லை என்பது ஒரு ஆறுதல்.

பரிசம் முறிந்தால் அதே ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னிடம் இன்னொரு 1862 இருந்தது, பஞ்சம்மாள் துலக்கிப் பாழாக்கியது. தாயில்பட்டியிலிருந்து கொஞ்சம் கந்தகம் வாங்கிவந்து அதைக் கறுக்க வைத்துக் கொடுத்தேன். “அந்த மாத்துக் காசைத் தாலியில கோத்துட்டுக் கல்யாணத்தை நடத்தியிருக்கலாமே அத்தான்?” என்று பெத்தணன் கேட்கிறான். பெற்ற மகள் கழுத்தில் போலியா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

இருளம்மாள் மாற்றுக் காசை வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கண் கலங்கித்தான் பேசினாள்.

“எல்லாம் என் தப்புண்ணே. வெள்ளிக்கிழமை தவறாம புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சு வச்ச காசு. ரெண்டு மாசமா என் மவன் மடியில முடிஞ்சு வச்சிருந்தான், கந்தகம் பட்டுக் கறுத்துப்போச்சு. தேய்க்க நேரமில்லாம அப்படியே தட்டுல வச்சேன். கறுத்த காசு வச்சா காரியம் விளங்குமா?”

அவள் போனதும் பெட்டியைத் திறந்து, முதல் தடவையாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ராணியின் கன்னமெல்லாம் பொடிக் கீறல். கீறலுக்குள்ளும் கறுப்பு.

பெத்தணா, இந்தா கையெழுத்து. மகள் கல்யாணத்தைக் கெடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பையன் பிழைப்பைக் கெடுத்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பொய் சொன்னேன், காசை மாற்றினேன், எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டு. ஆனால் அந்தக் காசை நான் தப்பாகப் பார்த்தேன் என்று மட்டும் எழுதமாட்டேன். கீறல் லென்ஸில்தான் இருக்கிறது. வேறு லென்ஸ் அனுப்பச் சொல்லி அலி அக்பருக்குக் கார்டு போட்டிருக்கிறேன்.