கூரையில் தொங்கும் இருக்கை

பசறை பஸ்ஸில் எனக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். இளையவளின் கணவர் வெளிநாட்டில், சிப்பாய்களை ஏற்றும் எட்டுச் சில்லுக் கவச வண்டி செய்யும் இடத்தில் வெல்டிங் வேலை செய்கிறார்.

"சீட்டெல்லாம் கூரையில தொங்குமாம்க்கா."

"நம்ம பிள்ளைக்காம்பராவுல பச்சப்பிள்ளைங்கள விட்டுட்டு வர்ற தொட்டில் மாதிரியா?"

"ஆமாக்கா. தரையில பூட்டினா, கண்ணிவெடி வெடிக்கிறப்ப முதுகெலும்பு நொறுங்கிருமாம்."

"தொங்கவிட்டா நொறுங்காதா?"

"சண்டைக்குள்ள ஓட்டித்தான் பார்க்கணுமாம். உள்ள ஒக்காந்து போகச் சம்மதிக்கிறவங்க கையத் தூக்கச் சொல்லி, காலையில பேரு வாசிச்சிருக்காங்க. இவரு நம்ம பெரட்டுல வேலைக்கு வந்தவங்க பேரு கூப்பிடுற மாதிரின்னு நெனச்சு கையத் தூக்கிட்டாரு. நாளைக்கு ஏத்துறாங்க."

"அட பாவி மனுசா! வேற யாருமே தூக்கலையா?"

"மத்தவங்களுக்குப் பாஷை தெரியும்க்கா."