‘கோப்புகள் இல்லை’ என்று நான் எழுதிய பொய்

கத்தியைக் கையில் எடுத்தாலும் கனிவைக் கைவிடாத தொண்டை மருத்துவர், இந்த அவையின் தலைவர் அவர்களே! குரல்வளையை இழந்தவர்கள் கூடிக் களிக்க ஒரு சங்கம் கண்ட மூத்தவர்களே! பேச முடியாதவருக்காகப் பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போன தாய்மார்களே, துணைவர்களே! கணினிக்கு நிரல் எழுதிப் பிழைப்பு நடத்தி, கேள்வி வந்துவிடுமோ என்று கடைசி வரிசையில் பதுங்கியிருக்கும் என் தொழில் தோழர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். வாயால் சொன்ன பொய்யாக இருந்தால் எப்படியாவது மழுப்பியிருப்பேன். நான் எழுதிய பொய்யோ, கணினித் திரையில் பளிச்சென்று நின்ற பொய்!

ரயில் நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வண்டி வரவை அறிவித்த ஓர் அம்மையார். ஆமாம் ஐயா, அவரேதான், மூன்றாவது வரிசையில் சிரிக்கிறாரே, அவரேதான்! குரல்வளையை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் அவர் அழுதாரா? அழுதார், ஒரு நாள். அரற்றினாரா? அரற்றினார், அரை நாள். அடுத்த நாள் ஒலிவாங்கியை வாங்கினார்! பதினொரு நாட்களில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது வாக்கியங்களைத் தம் குரலில் பதிந்து, கணினியில் ஒரே கோப்புறையில் அடுக்கினார்.

நான் எழுதிய செயலியின் வேலை சிறியது. அவர் தட்டச்சு செய்வார். அதற்குரிய பதிவைத் தேடி எடுத்து அது ஒலிக்கச் செய்யும். அறுவை முடிந்து மூன்று வாரம் அந்த வீட்டில் அவர் குரல் கேட்டது. மகளோடு பேசினார், பக்கத்து வீட்டோடு பேசினார், கணவரைத் திட்டவும் திட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் தொலைபேசி அடித்தது. அவருடைய கணவர், பேருந்து ஓட்டுநர்.

“மேடம், அவ குரல் போயிடுச்சு.”

“அது ஆபரேஷன்லயே போயிடுச்சே ஐயா?”

“அது டாக்டர் எடுத்தது மேடம். இது நீங்க எடுத்தது!”

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவில் கணினி தானாக அணைந்து, தானாக எழுந்திருக்கிறது. காலையில் செயலியைத் திறந்தால் திரையில் ஒரே வரி: ‘குரல் கோப்புகள் எதுவும் இல்லை.’

“பொண்ணுக்கு மதியம் ரெண்டு மணிக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தைய எடுக்கறாங்க மேடம். ஊர் தள்ளி இருக்கா. அம்மா குரலைக் கேட்டுட்டுத்தான் உள்ள போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. இங்க ரிப்பேர்காரர் வந்திருக்காரு. டிஸ்க் போச்சுங்கறாரு. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டா சரியாகிடுமாம்.”

எல்லாத்தையும் அழிச்சிட்டு! அந்தச் சொல் காதில் விழுந்ததும் தொலைபேசியிலேயே கத்தினேன்.

“ஐயா! அவர் கையை எடுக்கச் சொல்லுங்க! நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க!”

நாற்பது நிமிடப் பயணம். காரணம் பாதி வழியில் புலப்பட்டது; புலப்பட்டதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்பர்களே, இந்தக் காலத்துச் செயலிகளைக் கணினி ஒரு வேலிக்குள் வைத்துத்தான் ஓடவிடுகிறது. சாண்ட்பாக்ஸ் என்பார்கள். வேலிக்கு வெளியே உங்கள் கடிதம் இருக்கும், படம் இருக்கும், மருத்துவ அறிக்கை இருக்கும். எதையும் செயலி தானாகத் தொட முடியாது. ‘இதைத் திற’ என்று நீங்கள் உங்கள் கையால் காட்டினால், காட்டியதை மட்டும் தொடலாம். அந்த அனுமதியும் செயலியை மூடும் வரைதான். மறுமுறையும் வேண்டுமென்றால், கணினியிடம் நிலையான அனுமதிச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.

நான் வாங்கினேனா? வாங்கவில்லை! கோப்புறை இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். சோதித்தபோது என் கணினியில் அந்தக் காவலையே அணைத்து வைத்திருந்தேன். எல்லாம் அழகாக ஓடியது. அந்த அம்மையாரோ மூன்று வாரமாகக் கணினியின் மூடியைச் சாத்துவார், திறப்பார், செயலியை மூடியதோ கணினியை அணைத்ததோ இல்லை. அணைந்த அன்று அனுமதி போயிற்று. செயலி கோப்புறையின் வாசலில் நின்று பார்த்தது, கதவு பூட்டியிருந்தது. பூட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில், உள்ளே ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி எழுதி வைத்தவள் நான்!

வீட்டுக்குள் நுழைந்தேன். சாப்பாட்டு மேசையில் கணினி. அதன் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மூடியபடி அந்த அம்மையார். ரிப்பேர்காரர் சுவரோரம் கைகட்டி நின்றார். அவர் மேல் பிழையில்லை; என் பொய்யை நம்பியவர் அவர்.

“அம்மா, உங்க கோப்பெல்லாம் பத்திரமா இருக்கு. என் செயலிக்குத்தான் பார்க்க அனுமதி இல்ல. உங்க கையாலேயே காட்டுங்க.”

திறப்பதற்கான சாளரத்தை வரவழைத்தேன். அவர் கோப்புறையைத் தேடிப் பிடித்து அழுத்தினார். வரிசை வரிசையாக விழுந்தன பதிவுகள். எண்ணிக்கை? இரண்டாயிரத்து நூற்று நாற்பது! ஒன்று குறையவில்லை, ஒன்று கலையவில்லை!

பேருந்து ஓட்டுநர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மையார் அவரை ஒரு பார்வை பார்த்தார், ஏதோ தட்டினார். இருபத்திரண்டு ஆண்டுகள் நடைமேடைகளை ஆண்ட குரல் கணீரென்று எழுந்தது:

“ஏங்க, போதும். முகத்தத் துடைங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

இப்படியும் ஒரு வாக்கியம் தேவைப்படும் என்று முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கிறார் பாருங்கள்! கட்டியவரை அவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்! ரிப்பேர்காரரே விழுந்து விழுந்து சிரித்தார். என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு இறங்கியது.

அப்புறம் ரிப்பேர்காரர் கேட்டார்: “இந்த வேலியையே எடுத்துட்டா தொல்லை இல்லையே மேடம்?”

நான் வாய் திறக்குமுன் அம்மையார் தட்டித் தட்டி எழுத்தாகவே காட்டினார்: ‘என் மகள் எழுதிய கடிதங்களும் இதில் இருக்கின்றன. பாட்டுப் போடும் செயலிக்கு அதில் என்ன வேலை?’

வேலியை எடுக்கவில்லை. நிலையான சீட்டைக் கேட்டு வாங்கும் வரிகளை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கணினியை அணைத்தோம், எழுப்பினோம், அணைத்தோம், எழுப்பினோம். குரல் போகாமல் நிலைத்தது!

ஒன்றரை மணிக்கு மகளை அழைத்தோம். “குட்டிம்மா, அம்மா இங்கதான் இருக்கேன். மூச்ச மெதுவா விடு.” அந்தப் பக்கம் விசும்பல். பிறகு, “சரிம்மா. போயிட்டு வரேன்.” மூன்று மணிக்கு மருமகன் அழைத்தார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அது எனக்கல்ல, அவர்களுக்கு.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னிப்பை ஏற்கவில்லை, வேலை கொடுத்தார். தட்டச்சு செய்து காட்டினார்: ‘வண்டி தாமதமானால், வண்டி இல்லை என்று நான் ஒருநாளும் அறிவித்ததில்லை. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். மூன்றையும் சொல்வேன். உன் செயலிக்கு அந்த அறிவிப்பை நானே எழுதித் தருகிறேன்.’

எழுதித் தந்தார். இன்று அந்தச் செயலியில் இருப்பவை அவருடைய வரிகள்: ‘உங்கள் கோப்புறையைத் திறக்க எனக்கு இப்போது அனுமதி இல்லை. அதனால் உள்ளே இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பதற வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம். கோப்புறையை ஒருமுறை காட்டுங்கள்.’

கடைசி வரிசைத் தோழர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்! பார்க்க முடியாததை இல்லை என்று சொல்ல நமக்கு யார் உரிமை தந்தது? நம் ஒற்றை வரியை நம்பி ஒருவர் தம் வாழ்நாளை அழிக்கத் துணிவார் என்றால், அந்த வரியை எத்தனை முறை எடைபோட்டு எழுத வேண்டும்! தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுதுவோம். அனுமதி இல்லை என்றால் அனுமதி இல்லை என்று எழுதுவோம். அதில் தாழ்வு ஏதுமில்லை!

பிழை செய்தவளை மேடையேற்றிய தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கும், என்னைத் திருத்திய அறிவிப்பாளர் அம்மாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி, விடைபெறுகிறேன். வணக்கம்.