தயிர்ச்சட்டித் தோட்டம்

— மாதா சத்தியமாச் சொல்லுறன் றொசாந்தி, சுகாதாரக்காரருக்கு நான் போன் அடிக்கேல்லை.

— சரி மரியநாயகி அக்கா. நான் உங்களைக் கேக்கேல்லையே.

— நீ கேக்கேல்லை. உன்ரை மனுசன் காலமை வேலியிலை இருக்கிற பொட்டுக்குள்ளாலை தலையை நீட்டி, ‘ஊர்விடுப்பு பாத்துக் கோள் சொல்லுறதுக்கும் ஒரு அளவிருக்கு’ எண்டிட்டுப் போறார். நான் புட்டு அவிச்சுக்கொண்டு நிக்கிறன். அந்த ஆள் பல்லுக்கூட விளக்கேல்லை, எனக்குத் தெரியும்.

— பொட்டை அடைக்கத் தகரம் வாங்க மருதனார்மடத்துக்குப் போயிட்டார்.

— தகரமோ? என்ரை கிணறு உப்பெண்டு தெரியுமெல்லே. பொட்டை அடைச்சா குடிதண்ணிக்கு உங்கடை கிணத்துக்கு நான் எப்பிடி வாறது, வாளியோடை றோட்டாலை சுத்தியோ?

— சொன்னனான் அக்கா. கேக்கிற ஆளோ அவர்.

— அதுசரி, அந்தச் சுகாதாரக்காரர் வந்து என்னத்தைக் கண்டவை? நான் எட்டிப் பாக்கேல்லை. ரெண்டு பேர் மல்லிகைப் பந்தலுக்குப் பின்னாலை குனிஞ்சு நிண்டவை, கண்ணாடி போட்டவர் ஆறு போட்டோ எடுத்தவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— தயிர்ச்சட்டியள். நூத்திப் பதினாலு. அந்தூரியம் நடப்போறன் எண்டு கலியாணவீடு, அந்தியேட்டிவீடு எண்டு பாராமல் பொறுக்கினவர். நட்டது ஒன்பது. மிச்சத்துக்கு ஓட்டை போட நேரமில்லையாம். எல்லாம் மழைத்தண்ணி, எல்லாத்துக்குள்ளையும் குடம்பிப் புழு துள்ளுது.

— அதுதானே பாத்தன், எங்கடை வீட்டிலை கடிக்கிற நுளம்புக்கு இவ்வளவு கொழுப்பு எங்கையிருந்து வந்ததெண்டு.

— மகள் ஜெசிதாவோடை ஏழு நாள் ஆசுப்பத்திரி டெங்கு வாட்டிலை இருந்திட்டு வந்தனான். வந்த கையோடை ‘சட்டியளைக் கவிட்டு விடுங்கோ’ எண்டன். ‘பாசி பிடிக்கட்டும், அந்தூரியத்துக்கு நல்லது, யூரியூப்பிலை சொன்னவை’ எண்டார். நான் கவிட்டு வைப்பன், அவர் நிமித்தி வைப்பார். ஒரு மாசமா எங்கடை குடும்ப வாழ்க்கை இதுதான்.

— போட்டு உடைச்சிருக்கலாமே.

— மூண்டு உடைச்சனான். சட்டிக்கு ஒரு நாளா, மூண்டு நாள் சாப்பிடேல்லை மனுசன்.

— இப்ப கோட்டுக்கு வரச்சொல்லிக் கடிதமாம். போகட்டும். நீதவானுக்கு முன்னாலை நிண்டு அந்தூரியம் வளக்கட்டும்.

— அவரை வரச்சொல்லேல்லை அக்கா. என்னைத்தான்.

— உன்னையோ? நீ என்னடி செய்தனி?

— வீடு என்ரை சீதனமெல்லே. காணி உறுதி என்ரை பேரிலை. காணிக்காரர் ஆரோ, வழக்கும் அவையிலைதானாம். வாற செவ்வாய், காலமை ஒன்பது மணிக்கு.

— என்ரை மாதாவே. சட்டி பொறுக்கினது அவர், கூண்டிலை நிக்கிறது நீ. என்ன சாறி உடுக்கப் போறாய்?

— நீலம். ஸ்திரி போட்டு வைச்சிட்டன்.

— அது உனக்கு எடுப்பாயிருக்கும். அவர் என்ன சொல்லுறார்?

— ‘பயப்பிடாதை, நானும் துணைக்கு வாறன்’ எண்டார்.

— நல்ல துணை. எனக்கு அந்த மூலைவீட்டுப் பொன்னம்பலத்திலைதான் சந்தேகம். வாயே திறக்கமாட்டார். கதைக்காத ஆக்களை நான் நம்புறேல்லை.

— பாவம் அந்த மனுசன். அவரில்லை.

— அப்ப ஆரெண்டு உனக்குத் தெரியும். சொல்லு பிள்ளை. தகரமும் வராது, என்ரை தண்ணியும் தப்பும். நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன், உன்ரை மனுசனுக்கு மட்டும்.

— அவருக்குச் சொல்லேலாதெண்டுதான் நானும் முழுசிக்கொண்டிருக்கிறன்.

— ஏன்?

— டெங்கு வாட்டுச் சுவரிலை சுகாதாரக்காரரின்ரை நம்பர் ஒட்டியிருந்தது, குறிச்சுக்கொண்டு வந்தனான். வந்து அவருக்கு ஏசுவினம், சட்டியளை அள்ளிக்கொண்டு போவினம் எண்டு நினைச்சன். உறுதி என்ரை பேரிலை எண்டது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரேல்லை அக்கா.