தொழில் நிமித்தம் ஆறு மைல்

உயரமான வண்டியில் உட்கார்ந்து பழகிவிட்டால் அப்புறம் தாழ்ந்த வண்டியில் ஏற மனசு வராது, மேடம். இது பணக்காரத்தனம் இல்லை, இடுப்புச் சமாசாரம். காப்பி ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். வரி அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்காக நாம் இரண்டு பேரும் முகம் சுளித்துக்கொள்ள வேண்டாம்.

ஏப்ரல் பதினான்கு. கடையிலிருந்து டர்டில் ஓடைப் பாலத்துக்குப் போய்த் திரும்பிய ஆறு மைல். என் பயண ஏட்டில் அதைத் தொழில் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் சிவப்பு மையால் அடித்துச் சொந்தம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வேலையை இலவசமாகச் செய்தேன் என்று ஊராட்சிக் காகிதத்தில் இருக்கிறதாம், இலவசமாகச் செய்தது தொழில் ஆகாதாம். உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது இலவசம் இல்லை. எப்படி இல்லை என்று சொல்கிறேன்.

நான் போர்டு செய்கிறவன். டுவேன் ஹாஸ்டெட்டர் என்றால் இந்தப் பக்கத்துப் பென்சில்வேனியாவில் ஐந்து ஊருக்குத் தெரியும். கடைப் பெயர், தெருப் பெயர், 'நாய் ஜாக்கிரதை' எல்லாம் நம் கைவண்ணம்தான். நான் செய்வதில் முக்கால்வாசி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிற சைஸ். இருபது வருடம் ஒரு சின்னக் காரில்தான் ஓட்டினேன். மாதம் ஒருமுறை எங்கள் ஊர் வியாபாரிகள் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடுவோம். அங்கேதான் யோகம் என்கிற பல் டாக்டர் ஒரு நாள் பான்கேக்கின் மேல் சிரப்பை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"ஆறாயிரம் பவுண்டுக்கு மேல எடை போட்ட வண்டியா இருந்தா, வாங்கின வருஷமே மொத்த விலையையும் வருமானத்துல கழிச்சுக்கலாம்டா. விவசாயிங்க டிராக்டருக்காகப் போட்ட சட்டம். நாம என்ன, பல்லுல விவசாயம் பண்றோம்."

அடுத்த மாதம் சாப்பாட்டுக் கடை வாசலில் நிழலே மாறிவிட்டது. டாக்டர் ஒரு கறுப்பு மலை. யோகா சொல்லிக்கொடுக்கும் மார்லிஸ் ஒரு வெள்ளை மலை. அதில் பன்னிரண்டு பாய் போகும், பன்னிரண்டு யானையும் போகும். நானும் ஒன்று எடுத்தேன். என் மனைவி ரெனே அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏணி தனியா வாங்கணுமா, கூடவே குடுக்கறாங்களா?" என்று கேட்டாள். கார் கொட்டகையின் கதவைக் கழற்றினேன். அப்போதும் வண்டியின் மூக்கு வெளியேதான் நின்றது.

ஒரு நிபந்தனை உண்டு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி பாதிக்கு மேல் தொழிலுக்கு ஓட வேண்டும். அடுத்தடுத்த வருடமும். பாதிக்குக் கீழே இறங்கினால் கழித்ததையெல்லாம் திரும்பக் கக்க வேண்டும். வீட்டிலிருந்து கடைக்குப் போவது சொந்தக் கணக்கு. என் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். பாலத்தின் வழியாகப் போனால் கடைக்கு நான்கு மைல். சுற்றிப் போனால் பத்தொன்பது.

பழைய இரும்புப் பாலம், மரப்பலகைத் தளம். வாசலில் போர்டு இருந்தது: எடை வரம்பு 3 டன். எங்கள் டன் இரண்டாயிரம் பவுண்டு. மூன்று டன் என்றால் ஆறாயிரம். அரசாங்கம் ஒரு கையால் எங்களை ஆறாயிரத்துக்கு மேலே ஏறச் சொன்னது, மறு கையால் ஆறாயிரத்துக்குக் கீழே இறங்கச் சொன்னது. நீங்களே சொல்லுங்கள்.

முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு ட்ரூடி பைலர் என்ற போலீஸ்காரப் பெண் ஜனவரியில் பாலத்து வாசலில் நிற்க ஆரம்பித்தாள். டாக்டரை மடக்கியபோது அவர் பின்னால் என் வண்டி நின்றது; கண்ணாடியை இறக்கி அவர்கள் பேசியதைக் கேட்டேன்.

"கதவைத் திறங்க டாக்டர். இதோ, ஸ்டிக்கர்ல ஆறாயிரத்து எண்ணூறுன்னு இருக்கு."

"அது ஆளையும் சாமானையும் நெறைய ஏத்தினா ட்ரூடி. இப்ப நான் ஒண்டிக்கட்டை. கம்மியாத்தான் இருக்கும்."

"அப்படியா? அப்ப வரி ஆபீசுக்கு எந்த எடையைச் சொன்னீங்க, ஒண்டிக்கட்டை எடையையா?"

டாக்டர் அபராதச் சீட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நானும் வாங்கினேன். கோர்ட்டுக்குப் போக எவருக்கும் வழியில்லை. அங்கே போய் என் வண்டி மூன்று டன்னுக்குக் கீழே என்று நிரூபித்தால், இங்கே நீங்கள் வந்து உட்காருவீர்கள்.

அன்றிலிருந்து நான் பத்தொன்பது மைல் சுற்றினேன். போக ஒன்று, வர ஒன்று. எல்லாம் சொந்தக் கணக்கு. பிப்ரவரி கடைசியில் கூட்டிப் பார்த்தேன், தொழில் ஓட்டம் பாதிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மேடம். ரெனே ஒரு வயிற்று டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அங்கே போகிற மைல் எந்தக் கணக்கு என்று கேட்டேன்.

மார்ச்சில் மெர்ல் ஸ்டால் போன் செய்தார். ஊராட்சியின் சாலை மேஸ்திரி. முப்பத்தொரு வருட சர்வீஸ்.

"டுவேன், பாலத்துப் போர்டைச் சல்லடையாக்கிட்டானுங்கப்பா. மானைச் சுடத் துப்பில்லாதவனெல்லாம் என் போர்டைச் சுடறான். புதுசா ஒண்ணு அடிச்சுக் குடு. ஆர்டர் சீட்டு அனுப்பறேன்."

"நீங்களே மாட்டிடுவீங்களா?"

"எங்கப்பா. முழங்கால்ல ஆபரேஷன். ஆறு வாரம் கட்டில்தான். நீயே மாட்டிட முடியுமா? மாட்டற கூலி ஏதாச்சும் தரச் சொல்றேன்."

"அதெல்லாம் வேண்டாம் மெர்ல். நான் பாத்துக்கறேன்."

"நல்ல மனுஷன்யா நீ."

சீட்டு வந்தது. மெர்லின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அவர் எழுதும் 3 எப்போதும் வாயை மூடிக்கொள்ளப் பார்க்கும். அதை மாதச் சாப்பாட்டுக்கு எடுத்துப் போய் வேடிக்கையாகக் காட்டினேன். மேசையில் யாரும் எதுவும் கேட்கவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் மட்டும் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை எட்டுன்னும் படிக்கலாம் போலிருக்கே."

"படிக்கலாம்," என்றேன்.

"எனக்கு க்ளினிக் வாசல்ல ஒரு போர்டு வேணும் டுவேன். பெருசா, வெளிச்சத்தோட. ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்."

மார்லிசுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அவரவருக்கு ஒன்று வேண்டியிருந்தது. அன்று காலை ஒரே மேசையில் ஆறு ஆர்டர். ரசீதுகள் உங்கள் இடது கைப் பக்கக் கோப்பில் இருக்கின்றன, தேதியைப் பாருங்கள். ஏப்ரல் பதினான்குக்கான கூலி அதுதான்.

கடைக்கு வந்து, சீட்டிலிருந்த 3-க்கு இடப்பக்கம் பேனாவால் இரண்டு வளைவு போட்டேன். அதே நீல மை. தகட்டில் 8 என்று வெட்டினேன். நல்ல எட்டு. வயிறும் தலையும் அளவாக வந்திருந்தன. ஞாயிறு காலை மாட்டினேன், ஒரு அடி தள்ளி நின்று பார்த்தேன், கோணல் இல்லை. திரும்பும்போது பாலத்தின் மீது ஒருமுறை போய் வந்தேன். பலகை வழக்கம்போல முனகியது, அவ்வளவுதான். பாலம் கட்டுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டியே கட்டுவார்கள், எழுதும்போதுதான் குறைத்து எழுதுவார்கள். எட்டு என்பது பாலத்துக்கு நான் கொடுத்த மரியாதை என்றுகூடச் சொல்லலாம்.

போர்டு எட்டு என்று சொன்னதால் ட்ரூடியும் எங்களை மடக்கவில்லை. பதினோரு நாள் எல்லோரும் சௌக்கியமாகப் போய் வந்தோம்.

லொரேன் டெக்கர் வெளியூர்க்காரி. செப்டிக் டேங்க் லாரி ஓட்டுவாள், சொந்த லாரி. டாக்டரின் வேட்டைக் குடிலில் விருந்து. தொட்டி நிரம்பி வழிந்ததால் அவளைக் கூப்பிட்டிருந்தார். காலி லாரி ஏழரை டன். ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் விசாரணையில் சொன்னார்: அவள் பாலத்துக்கு முன்னால் லாரியை நிறுத்தினாளாம். இறங்கி வந்து போர்டைப் படித்தாளாம். பலகைகளின் மேல் அந்தக் கோடி வரை நடந்து பார்த்தாளாம்.

"எட்டு டன்னுன்னு போட்டிருக்கு, நம்பலாமாங்க?" என்று கீழே பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

"தெரியாமலா போட்டிருப்பாங்கம்மா," என்று இவர் சொல்லியிருக்கிறார்.

மெதுவாகத்தான் ஏறினாளாம். நடுவில் வந்தபோது பாலம் போய்விட்டது. ஓடையில் அப்போது தண்ணீர் அதிகம். அவளை வெளியே எடுக்க மாலை ஆகிவிட்டது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. நல்ல டிரைவர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

விசாரணையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: எட்டு என்று ஏன் செய்தீர்கள்? சீட்டில் இருந்ததைச் செய்தேன் என்றேன். பொய் இல்லை, சீட்டில் எட்டுதான் இருந்தது. சீட்டை மெர்லிடம் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மூணுன்னுதான் எழுதினதா ஞாபகம் என்றார். பிறகு, ஆபரேஷனுக்கு முந்தின வாரம், வலி மாத்திரை நெறையச் சாப்பிட்டுட்டிருந்தேன் என்றார். பிறகு, நான்தான் எழுதியிருக்கணும் என்றார். ஒன்பது மாதம் உள்ளே இருந்தார். பென்ஷன் போயிற்று. வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் தொழில் பேரையும் இதுல இழுத்து விட்டுட்டேனே டுவேன், மன்னிச்சுக்கோ," என்றார். மன்னித்துவிட்டேன். அவர் வீட்டை விற்பதற்கு 'விற்பனைக்கு' போர்டு நான்தான் செய்தேன். லொரேன் பெயரில் ஓடைக்கரையில் ஒரு பித்தளைத் தகடு வைத்தார்கள், அதுவும் நான்தான். போய் வந்த மைல் எல்லாம் ஏட்டில் சரியாக இருக்கிறது, அவற்றை நீங்களும் டிக் அடித்திருக்கிறீர்கள்.

உண்மையைச் சொன்னால், பாலம் விழுந்ததில் தினம் தினம் அடிபடுகிறவன் நான்தான். புதுப் பாலம் இன்னும் வரவில்லை. மறுபடியும் பத்தொன்பது மைல், போக ஒன்று, வர ஒன்று. அந்த வருடம் மொத்தம் இருபதாயிரத்து இருநூறு மைல் ஓட்டினேன். உங்கள் சிவப்பு மையை ஏற்றுக்கொண்டால் தொழில் ஓட்டம் பாதிக்கு மூன்று மைல் குறைகிறது. அந்த ஆறைச் சேர்த்தால் மூன்று மைல் கூடுகிறது. ஒரு மனிதனின் வண்டி ஆறு மைலில் போய்விடக்கூடாது, மேடம்.

இதைப் போலீசாரிடம் ஏன் சொல்லவில்லை என்று பார்க்கிறீர்கள். அவர்கள் பயண ஏட்டைக் கேட்கவே இல்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். கூலி வாங்கிக்கொண்டு, சொந்தக் கையால் வெட்டிய தகட்டைக் கொண்டுபோய் மாட்டினேன். இதைவிடத் தெளிவான தொழில் பயணம் வேறு எது? அப்படியும் என் பேச்சில் சந்தேகம் இருந்தால் மெர்லுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மகள் வீட்டில்தான் இருக்கிறார். என் நேர்மையைப் பற்றி அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் இந்த ஊரில் கிடையாது.