அடுத்த ஸ்கேன்

எங்கள் வீட்டில் போன் அடித்தால் எடுப்பது நான்தான், டாக்டர். என் வீட்டுக்காரருக்குப் போனில் பேச வராது. லிப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிப்டெல்லாம் அவர் கை பட்டால் ஓடும். எங்கள் மூன்றாவது மாடிக்கு மட்டும் படிதான்.

ஈரலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்த பிறகு நீங்கள் சொன்னது மறக்கவில்லை. "திரும்ப வரலாம்மா. ஆனா சின்னதா இருக்கும்போதே பிடிச்சுட்டா பல வருஷம் நல்லா இருப்பார். ஸ்கேனை மட்டும் விட்டுடாதீங்க." நாங்களும் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தோம்.

ஸ்கேனுக்கு நாள் குறித்தால் போதும், மனுஷன் சாப்பிட மாட்டார். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்து இழுத்துப் பார்ப்பார். என்மேல் எரிந்து விழுவார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். முடிவு நல்லபடியாக வந்ததும் கொஞ்ச நாள் சிரிப்பு. அப்புறம் அடுத்த ஸ்கேன். எனக்கு அலுத்துவிட்டது. அவர்மேல் அலுப்பில்லை, அந்தக் காத்திருப்பின்மேல்.

ஒருநாள் உங்கள் நர்ஸ் போன் செய்தாள். "அடுத்த ஸ்கேனுக்கு எப்பம்மா வர்றீங்க?"

"அவர் போய்ட்டாரும்மா," என்றேன். அவர் சட்டைக்குத்தான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ரொம்ப நேரம் ஆறுதல் சொன்னாள். நல்ல பெண். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

அவரிடம், "முழுசா குணமாயிடுச்சாம். இனிமே வரவேண்டாம்னுட்டாங்க," என்றேன். என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார்; தழும்பு இழுத்ததில் விட்டுவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் வாழ்ந்ததுதான் வாழ்க்கை. நானும் நன்றாகத் தூங்கினேன்.

ஒருதரம் அவரே கேட்டார், "ஆஸ்பத்திரியிலேர்ந்து போனே வரலயே?"

"நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்குப் போன் பண்ணப் போறாங்க?"

இந்த வருடம் உடம்பு இளைத்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். கண் மஞ்சளானபோது சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டேன். வயிறு வீங்கி வேலையிடத்தில் விழுந்தவரை உடன் வேலை செய்கிறவர்கள்தான் இங்கே கொண்டுவந்தார்கள். செத்துப்போனதாக உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பவர் எப்படி வந்தார் என்று கேட்டீர்கள். இப்படித்தான்.

முன்னாடியே வந்திருந்தால் எடுத்திருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் இனி ஸ்கேனும் கிடையாது, இல்லையா? நீங்கள் சிரமப்பட வேண்டாம், நானே உள்ளே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். சந்தோஷப்படுவார்.