பழுப்பு நிலக்கரியில் ஒரு சுவர்

"அண்ணா, நீங்க கட்டின சுவராலதான் நம்ம ஆளுங்க நாப்பத்தி மூணு பேரும் செத்தாங்க."

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த இருவரில் இளையவன் சொன்னான். பதறிப்போனேன். கம்ப்யூட்டரில் கோட்டை கட்டும் விளையாட்டைப் பற்றிய பேச்சு என்று சூளகிரி தாண்டித்தான் புரிந்தது.

இருவருக்கும் மூன்று வருடம் ஒரே தொழிற்சாலை, ஒரே அறை. மூத்தவன் ஆட்குறைப்பில் வேலை போய் நெய்வேலிக்குத் திரும்புகிறான். காலடியில் மூன்று பை, ஒரு பாய், ஒரு பக்கெட். இளையவன் கிருஷ்ணகிரி வரை துணைக்கு வருகிறான்.

"எங்க ஊர்ல எங்க தோண்டினாலும் பழுப்பு நிலக்கரிதான்டா. விளையாட்டுலயும் அது கிடைச்சதும் ஊர் ஞாபகம் வந்துடுச்சு. கட்டிட்டேன்."

"அதைச் சுட்டு கோக் கரியாக்கி இரும்பு உருக்கணும்ணா. நெருப்புக் குழம்பு ஓடுற வாய்க்கால் ஓரமா யாராவது அதுல சுவர் வெப்பாங்களா?"

"நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பார்த்தா, சுவர் அப்பவும் எரிஞ்சிட்டிருந்தது."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அந்தக் கோட்டையை அழிச்சிட்டியா?"

"தீப்பிடிக்கறதுக்கு முன்னாடி சேவ் பண்ணினது இருக்கு. நீங்க இல்லாம தொடமாட்டேன்."

"அங்க எனக்கு ஏதுடா கம்ப்யூட்டர்?"

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் கட்டறேன்."

மூத்தவன் காலடியில் சரிந்த பக்கெட்டை நிமிர்த்தி வைத்தான்.

"அப்போ முதல்ல அந்தச் சுவரை இடிச்சிடு."

"அது இருக்கட்டும்ணா. வாய்க்காலைத் தள்ளி வெட்டிக்கறேன்."